மதிலுக்குள் ஒரு மாணவ வாழ்வா?

கலியாண வீட்டுப் பந்தலாயினும் சரி, செத்த வீட்டு முற்றமாயினும் சரி, பேராதனையிற் பயின்ற பெரியவர் ஒருவர் அங்கே இருப்பாராயின் ஒரு வசனத்தை நாம் கேட்டே தீரவேண்டியிருக்கின்றது. "பல்கலைக்கழக வாழ்வு என்றால் அது பேராதனைதான், மற்றவையெல்லாம் ரியூட்டரிகள்" என்பதே அவ்வசனம். மகாவலியும் அந்தானை மலையும், மண்டபத்து இராப்போசனமும், பொல்காவலையில் இறங்கி வண்டி மாறிய விடியற்காலைக் குளிரும் அவர் வாயிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதியவர் தம் இளமையை நினைந்து உருகுகின்றார் என்று நாம் புன்னகைத்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் இவ்வுருக்கம் கொள்கையாக மாறும்போது எழுந்திருத்தல் இயலாது. நமது மாகாணத்திற் புதிய பீடங்கள் எங்கே எழுதல் வேண்டும், விடுதிகள் எங்கே அமைதல் வேண்டும் என்ற வினா எழும்போதெல்லாம், "ஊருக்கு வெளியே பெரியதொரு காணி எடு, சுற்றி மதில் கட்டு, பிள்ளைகளை உள்ளே விடு, அதுவே உண்மையான பல்கலைக்கழகம்" என்று கூறும் நம்மவர் உளர். அவர்களோடுதான் இன்று நமக்கு வழக்கு.

இது புதிய வழக்கன்று. 1921இல் கொழும்புத் தேர்ஸ்டன் வீதியில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, நம் பிள்ளைகள் இலண்டன் பட்டத்துக்குப் படித்த காலத்திலேயே, முழுப் பல்கலைக்கழகம் எங்கே அமைவது என்ற சச்சரவு மூண்டது. கொழும்பு என்றனர் ஒரு சாரார். கண்டி என்றனர் மறு சாரார். கண்டிக் கட்சிக்குப் பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜயவர்த்தனாவின் பேனா துணைநின்றது. தும்பறைப் பள்ளத்தாக்கு என்று ஒருகாலும் பேராதனை என்று பிறிதொருகாலும் ஆண்டுகள் பல கழிந்தன. 1938இல் அரசாங்க சபை பேராதனையைத் தெரிந்தது. 1942 யூலை 1ஆம் தேதி இலங்கைப் பல்கலைக்கழகம் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிற் கொழும்பிலேயே பிறந்தது. 1952 ஒக்டோபரிலே மலையேறியது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் எடின்பரோக் கோமகனாரால் விமரிசையாகத் திறந்துவைக்கப்பட்டது. அருணாசலம் மண்டபம் என்றும் இராமநாதன் மண்டபம் என்றும் நம் பெரியோர் பெயர்களும் அங்கே கல்லில் ஏறின.

கண்டிக் கட்சியாரின் வாதத்தின் சாரம் யாது? மாணவர் ஒருங்கே உண்டு, உறங்கி, உரையாடி வாழ்தலே கல்வியின் பாதி. நகரத்திலோ விரிவுரை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பேருந்தில் ஏறிவிடுவர். அங்கே சமூக வாழ்வு என்பதொன்று இல்லை. இதற்கு அவர்கள் காட்டிய முன்மாதிரி ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்.

இங்கேதான் முதற்பிழை. ஒக்ஸ்போர்டு காட்டிலா இருக்கின்றது? கேம்பிரிட்ஜ் மலையிலா இருக்கின்றது? இரண்டும் சந்தைப் பட்டினங்கள். கல்லூரியின் வாயில் கடைவீதியைப் பார்த்தே திறக்கின்றது. 1355இல் ஒக்ஸ்போர்டுச் சாராயக்கடை ஒன்றில் மாணவருக்கும் கடைக்காரனுக்கும் மூண்ட சண்டை ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்குமிடையே கொலைக்களமாயிற்று; 1209இல் ஊராரோடு பிணங்கிப் பெயர்ந்த ஒக்ஸ்போர்டு அறிஞர்களாலேயே கேம்பிரிட்ஜ் தோன்றியது. சண்டையிட்டாலும் பக்கத்தில் இருந்து சண்டையிட்டனர். விடுதி வேறு, ஒதுக்குப்புறம் வேறு. கேம்பிரிட்ஜில் விடுதியைக் கண்ட நம் முன்னோர், அவ்விடுதிக்கு வெளியே நின்ற ஊரைக் காணாது விட்டனர்.

இரண்டாவது சான்றைப் பேராதனையின் வரலாறே தருகின்றது. எல்லாம் மலையேறிய காலத்திலும் கொழும்பு மருத்துவ பீடம் கொழும்பை விட்டுப் போகவில்லை. ஏன்? பெரியாஸ்பத்திரி கொழும்பில் இருந்தது. நோயாளி இல்லாத இடத்தில் வைத்தியம் பயில்வது எங்ஙனம்? சட்டப்பகுதி பேராதனைக்குப் போயிற்று. பின்னர் 1960களின் நடுப்பகுதியிற் கொழும்புக்கே திரும்பி வந்தது. புதுக்கடை நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் இருக்கும் நகரே சட்டத்துக்கு உரிய இடம் என்பதை விளக்கவும் வேண்டுமோ? நோயாளி உள்ள இடத்தில் மருத்துவமும் வழக்கு உள்ள இடத்திற் சட்டமும் இருத்தல் வேண்டுமென்று ஒப்பியவர்கள், வரலாறும் பொருளியலும் சமூகவியலும் மட்டும் மக்கள் இல்லாத இடத்திற் செழிக்கும் என்று கொண்டது எந்த நியாயம் பற்றி என்று கேட்கின்றோம்.

எதிர்க்கட்சியாரின் வலுவான சான்றை மறைத்து வாதாடுதல் நமக்கு வழக்கமன்று. அச்சான்று கூத்து. 1960களிற் பேராதனையில் நிகழ்ந்ததை எவரும் மறுத்தல் இயலாது. யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் மன்னாரானும் மலையகத்தானும் அதற்கு முன் ஒரே கூரையின் கீழ் உறங்கியவர்களல்லர். ஒருவன் பேச்சை மற்றவன் பரிகசித்த காலம் அது. அவர்களை ஒரே மண்டபத்தில் வைத்தது பேராதனை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை எடுத்து, மாணவரைக் கொண்டே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். மாலையில் விரிவுரை முடிந்தபின் நள்ளிரவு வரை ஒத்திகை செய்தல் விடுதியில் வாழும் மாணவருக்கே இயலும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவனுக்கு இயலாது. சிங்களவர் பக்கத்திலும் அப்படியே. 1961இல் சரத்சந்திரவின் 'சிங்கபாகு' அந்தத் திறந்தவெளி அரங்கிலேதான் நிமிர்ந்து நின்றது. இவ்வளவும் ஒப்புகின்றோம்.

ஒப்பியபின் ஒன்று கேட்கின்றோம். அக்கூத்து எங்கிருந்து வந்தது? மகாவலிக் கரையிலே முளைத்ததன்று. மட்டக்களப்பு வயலோரக் களரிகளில், எழுத்தறியாத அண்ணாவிமாரின் மத்தளத்தில் நூற்றாண்டுகளாக உயிர்வாழ்ந்த கலை அது. ஊரைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்துவந்த ஓர் ஆசிரியரின் செயலுக்கு மதிலுக்குப் புகழ் சூட்டுதல் தகுமா? அன்றியும், மலையேறுவதற்கு முன்னரே, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுத, மாணவரே அதை நடித்தனர். 'நானாடகம்' 1940இல் நூலாகவும் வந்தது. அதிலுள்ள நாடகங்களுள் ஒன்றின் பெயர் 'நாட்டவன் நகர வாழ்க்கை' என்பது. நகரத்து மாணவருக்குச் சமூக வாழ்வே இல்லை என்போர் அந்நூலையாவது ஒருமுறை புரட்டுவார்களாக.

இனி மதில் செய்த தீமைக்கு வருவோம். இதைச் சொல்லத் தொடங்கினாற் பெரியவர்களின் முகம் சுருங்கும், சுருங்கட்டும்.

பகிடிவதை என்னும் கொடுமை இந்நாட்டில் விடுதியின் நிழலிலேதான் தழைத்தது. 1997இற் பேராதனைப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் அதற்குப் பலியானார். அதன்பின் பாராளுமன்றம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறை. அதன்போது பாலியற் தொந்தரவோ பாரதூரமான காயமோ விளைவிப்பின் பத்தாண்டு வரை. சட்டத்தில் ஓட்டையில்லை. வழக்கறிஞர் என்ற முறையிற் சொல்கின்றோம்: ஓட்டை சாட்சியத்தில் இருக்கின்றது. அடித்தவன், அடிபட்டவன், பார்த்தவன் மூவரும் ஒரே ஒழுங்கையில் உறங்குகின்றனர். ஒரே சாப்பாட்டறையில் உண்கின்றனர். அடுத்த மூன்றாண்டும் அங்கேயே வாழவேண்டியவர்கள். யார் கூண்டில் ஏறுவான்? எந்தக் குற்றத்துக்கும் அயலவர் கண் என்று ஒன்று உண்டு. தேநீர்க்கடைக்காரர் காண்பார், வீட்டுக்கார அம்மா கேட்பார், வழியிற் போகும் கிழவர் "என்னடா அது?" என்று அதட்டுவார். மதிலுக்குள் அக்கண் இல்லை. யாழ்ப்பாணத்து வாடகை அறைகளிலும் இக்கொடுமை நடப்பதை நாம் அறியாதவரல்லேம். ஆயினும் அங்கே சத்தம் கேட்டால் அடுத்த வீட்டான் படலையைத் தட்டவாவது இயலும்.

பகிடிவதையிலும் கொடியது ஒன்று உண்டு. 1983 மே மாதத்தில், யூலைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, பேராதனை விடுதிகளிலிருந்து தமிழ் மாணவர் அடித்து விரட்டப்பட்டனர். ஒரே மேசையில் உண்பது உள்ளங்களை ஒன்றாக்கும் என்பதன்றோ மண்டபக் கொள்கையின் உயிர்? அந்த மேசைகள் அன்றிரவு எங்கே போயின? நகரம் புனிதமானது என்று நாம் கூறவில்லை. யூலையில் தீவைத்ததும் நகரமே; வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்ததும் நகரமே. ஆயினும் அதே கொழும்பில், தமிழ்க் குடும்பங்களைத் தம் அறைகளில் ஒளித்துவைத்துச் சோறூட்டிக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். அவர்கள் பல ஆண்டுகள் வேலிக்கு அப்பாலும் இப்பாலும் வாழ்ந்து அயலவரானவர்கள். மண்டபம் தோழர்களைத் தந்தது, அயலவரைத் தரவில்லை.

நகரத்து மாணவ வாழ்வை நாம் நேரில் அறிவோம். 2000ஆம் ஆண்டின் பின் சில காலம் கொழும்பிற் சட்டம் பயின்றபோது வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் மூவராகக் குடியிருந்தோம். காலி வீதிப் பேருந்து, விரிவுரை, பின்னர் புதுக்கடை; நீதிமன்றத்தின் பின்வாங்கிலே அமர்ந்து கேட்ட வாதங்களே நமது உண்மையான கல்வி. மாலையிற் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், வெள்ளிதோறும் கோயில், சனிக்கிழமை எவரோ ஒருவரின் கவியரங்கு. ஆசிரியரோடும் அரசாங்க எழுதுவினைஞரோடும் கடைச் சிப்பந்தியோடும் பேசிப் பழகினோம். மாணவரோடு மட்டும் பேசி வாழ்ந்திருந்தால் இன்று ஊர்க்கூட்டம் ஒன்றிலே பேச நமக்கு நா எழுந்திராது.

ஆனால் அவ்வாழ்வின் மறுபக்கத்தையும் மறைக்கோம். பொலிசிற் பதிந்த துண்டு சட்டைப்பையில் இல்லாது தெருவிலிறங்கத் தமிழ் மாணவனுக்கு அந்நாளில் உரிமையில்லை. நள்ளிரவிற் கதவு தட்டப்படும். வீட்டுக்கார அம்மா நடுங்குவார். மறுநாள், "தம்பி, வேறெங்கேனும் பாருங்கோ" என்பார். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. 2007 யூன் 7ஆம் தேதி கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றி அகற்றப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் நாடறிந்தவை. இவையன்றி நித்தியத் துன்பம் ஒன்றுண்டு: காசு. வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம் மூன்றையும் கொடுக்க மாட்டாத மாணவன் விரிவுரை முடிந்ததும் ரியூசன் வகுப்பெடுக்க ஓடுவான். சங்கமும் விவாதமும் நாடகமும் வசதியுள்ளவனுக்கு மட்டுமே எஞ்சும். இந்த ஒரு குற்றச்சாட்டில் மட்டும் கண்டிக் கட்சியார் கூறியது சரி. விடுதி இல்லாத நகரப் பல்கலைக்கழகம் ஏழைக்குப் பாதிப் பல்கலைக்கழகமே.

அரசியலிலிருந்து மாணவரைக் காக்க மதில் உதவும் என்று சில பெற்றோர் நினைக்கின்றனர். அவர்களுக்கு இரண்டு தேதிகள் போதும். 1929இல் சிதம்பரத்தின் ஓரத்தில் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே தோன்றியது அண்ணாமலை. நமது விபுலாநந்த அடிகளார் பேராசிரியராய் அமர்ந்த இடம். 1965 சனவரி 27ஆம் தேதி இந்தி எதிர்ப்புப் போரில் அங்கே மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். 1976 நவம்பர் 12ஆம் தேதி பேராதனை வளாகத்திலே மாணவர் வீரசூரிய பொலிசாரின் குண்டுக்கு இரையானார். குண்டு மதிலைத் தாண்டும்; உதவிக்கு வரும் ஊர்தான் தாண்டமாட்டாது.

ஊர் வந்த இரவு ஒன்றும் உண்டு. 2021 சனவரி 8ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துள் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இயந்திரங்கொண்டு இடிக்கப்பட்டது. செய்தி பரவிய அளவிலே இராமநாதன் வீதி வாயிலில் மாணவர் மட்டுமா நின்றனர்? திருநெல்வேலியாரும் கொக்குவிலாரும் கோண்டாவிலாரும் வந்து நின்றனர். மாணவர் உண்ணாநோன்பிருந்தனர். 11ஆம் தேதி வடக்குக் கிழக்கெங்கும் கதவடைப்பு. அன்று விடியலிலேயே துணைவேந்தர் கையால் மீண்டும் அடிக்கல் நடப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலிலே தூபி மறுபடி எழுந்து நின்றது. காட்டு நடுவே ஒரு வளாகத்தில் இது நிகழ்ந்திருந்தால் விடியும்வரை எவர் அறிந்திருப்பார்?

1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் எங்கே தொடங்கியது என்பதை மறந்துவிட்டோம் போலும். இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களில், சிவன் கோயில் ஒருபக்கமும் குடிமனைகள் மறுபக்கமுமாக, சந்தைக்குக் கூப்பிடு தூரத்திலே தொடங்கியது. அதன் முதல் தலைவர் கைலாசபதியும் பல்கலைக்கழகமான பின் முதல் துணைவேந்தர் வித்தியானந்தனும் பேராதனை வழி வந்தவர்களே. பேராதனையை நன்கறிந்த அவர்கள் திருநெல்வேலியிலிருந்து தொழிற்பட வெட்கப்படவில்லை.

இன்று அதே பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. விவசாயத்துக்கு வயல் வேண்டும். வன்னிக்குப் பீடம் வேண்டும். அதில் நமக்கு வழக்கில்லை. நமது கவலை அங்கே வாழும் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுட் பலர் தென்னிலங்கைச் சிங்களப் பிள்ளைகள். நான்காண்டு தமிழ் மண்ணில் வாழ்ந்தும், ஒரு தமிழ் வீட்டின் அடுப்படியை எட்டிப் பாராமல், ஒரு கிழவியோடு நான்கு வார்த்தை பேசாமல், விடுதியிலிருந்து ஏ9 வீதிக்கு வந்து பேருந்தேறித் திரும்பிவிடுவார்களாயின், அவர்கள் நம்மைப் பற்றி என்ன கற்றுச்செல்வர்? 2016 யூலையில் திருநெல்வேலியிலேயே விஞ்ஞான பீட வரவேற்பு விழாவிற் கண்டிய நடனம் பற்றி மூண்ட கைகலப்பை எடுத்துக்காட்டி நம் வாயை அடைக்கப் பார்ப்பர். அச்சண்டை நிகழ்ந்தது விழா மண்டபத்தில். சிங்கள மாணவருக்கு வாடகைக்கு அறை கொடுத்த வீடுகளிலன்று. நாம் கேட்பது அவ்வீடுகள் இன்னும் பெருகவேண்டும் என்பதே.

ஆகவே நமது கோரிக்கைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முன்னும் நம் பிரதிநிதிகள் முன்னும் வைக்கின்றோம். விடுதிகள் கட்டுக, ஆனால் ஊருக்குள் கட்டுக. முதலாண்டினருக்கும் இறுதியாண்டினருக்கும் முன்னிடம் கொடுத்து, இடையாண்டுகளில் வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த பெண்பிள்ளையை அறை தேடித் தெருத்தெருவாக அலையவிடும் வழக்கை முடித்துவைக்க. வாடகை அறைகளைப் பதிவுசெய்க. முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதுவிக்க. ஆறுமாத முற்பணத்தை வாங்கிக்கொண்டு மூன்றாம் மாதம் வெளியேற்றும் வீட்டுக்காரரைக் கேட்க ஓர் அலுவலர் வேண்டும். அவ்வலுவலரே பகிடிவதை முறைப்பாட்டையும் ஏற்கட்டும். அவருடைய அலுவலகம் வளாக வாயிலுக்கு வெளியே இருக்கட்டும். அறிவியல் நகருக்கும் கிளிநொச்சிப் பட்டினத்துக்குமிடையே இரவு ஒன்பது மணி வரையேனும் பேருந்து ஓடட்டும். சனிக்கிழமைகளில் அங்குள்ள அரங்கும் விளையாட்டிடமும் அயற்கிராமத்துப் பிள்ளைகளுக்குத் திறக்கப்படட்டும். இவற்றுக்கு எவ்வளவு செலவாகும், எந்த ஆண்டில் எது தொடங்கும் என்ற பதிலை நாம் எழுத்தில் எதிர்பார்க்கின்றோம்.